பாட்டை அனுப்பக் காசு கேட்கும் தளங்களில் 100 டாலர் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: எந்த லேபிளும் (இசை வெளியீட்டு நிறுவனமும்) இல்லாமல் தனியாகப் பாட்டு வெளியிடுகிறீர்கள், மூன்றாவது பாட்டு இன்னும் 12 நாளில் வருகிறது, பிளேலிஸ்ட் நடத்துபவர்களிடமும் இசை வலைப்பதிவர்களிடமும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டணத் தளங்களில் 100 டாலர் செலவழிக்கலாமா, இல்லை அதெல்லாம் ஏமாற்று வேலையா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மோசடியா இல்லையா என்பதற்குத் தெளிவாகவே பதில் சொல்லிவிடலாம். என் பாட்டுக்கு அதனால் பிரயோசனம் உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். அதற்கு என்னால் பாதிப் பதில்தான் தர முடியும். மீதியைக் கொஞ்சம் காசு போட்டு நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக மிக்ஸிங் செய்கிறேன், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்த்துப் பாட்டாக்கும் வேலை. சொந்தப் பாட்டுகளை இந்தத் தளங்கள் வழியாகக் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் எதிர்ப்பக்கத்திலும் உட்கார்ந்திருந்தேன். சின்னதாக ஒரு பிளேலிஸ்ட் நடத்தினேன், அதற்கு வரும் பாட்டுகளைக் கேட்டுப் பதில் எழுதினால் சில்லறை கிடைக்கும். என் பக்கம் முழுக்க கிதாரும் குரலுமான நிதானமான பாட்டுகள். ஹிப்ஹாப்பிலும் டான்ஸ் இசையிலும் பழக்கம் வேறு மாதிரி, அங்கே நான் சொல்லும் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. சப்மிட்ஹப், குரூவர் மாதிரியான தளங்களில் நீங்கள் வாங்குவது ஒருவருடைய காதை, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. பாட்டைச் சேர்த்துக்கொள்வார் என்ற வாக்குறுதி அந்த விலையில் அடங்காது. சப்மிட்ஹப்பை 2015 கடைசியில் ஜேசன் கிரிஷ்காஃப் என்பவர் தொடங்கினார். அவர் ஏற்கெனவே இண்டி ஷஃபிள் என்ற இசை வலைப்பதிவை நடத்திக்கொண்டிருந்தார். மின்னஞ்சலில் தினமும் வந்து குவியும் பாட்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிறந்த ஏற்பாடு அது. கிரெடிட் வாங்குவீர்கள், ஒரு கிரெடிட் ஏறக்குறைய ஒரு டாலர், ஒருவருக்கு அனுப்ப ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆகும். கேட்கிறவர் குறைந்தது 20 நொடியாவது கேட்க வேண்டும், கெடுவுக்குள் பதில் வராவிட்டால் கிரெடிட் உங்களுக்கே திரும்பிவிடும். பிரான்சில் தொடங்கிய குரூவரில் வழக்கமாக ஆளுக்கு 2 யூரோ, பதில் சொல்ல 7 நாள் கெடு. விலைகள் அவ்வப்போது மாறும், போட்டுப் பார்க்கும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். மாறாத விதி ஒன்று உண்டு: பாட்டை ஏற்றாலும் தள்ளினாலும் கேட்டவருக்குக் கிடைப்பது அதே தொகைதான்.

அந்த விதிக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டை ஒலிபரப்புவதற்காக டிஸ்க் ஜாக்கிகளுக்குத் திரைமறைவில் பணம் கொடுப்பதற்குப் 'பேயோலா' என்று பெயர். 1959இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைக் கிளறத் தொடங்கியது, 1960இல் சட்டம் இறுகியது. ராக் அண்ட் ரோலைப் பரப்பியவர்களில் முக்கியமான ஆலன் ஃப்ரீட் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். அபராதம் சின்னதுதான், ஆனால் அதற்குள் அவருடைய வேலை போய்விட்டிருந்தது. 1960இன் சட்டம் குற்றமாகப் பார்த்தது பணம் கொடுத்ததை நேயர்களிடம் மறைத்ததை. அந்தச் சட்டம் வானொலிக்கானது, பிளேலிஸ்ட்டைத் தொடாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்ட்டில் இடம் விற்பதை ஸ்பாட்டிஃபை தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. அதனால்தான் ஒழுங்கான தளங்கள், கேட்பதற்குக் கட்டணம், சேர்ப்பது அவரவர் விருப்பம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. ஆக, மோசடியா என்ற முதல் கேள்விக்கு என் பதில், இந்த வகைத் தளங்கள் மோசடி இல்லை. விற்பது என்னவென்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள்தான் வேறு எதையோ வாங்கியதாக நினைத்துக்கொள்கிறோம்.

எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், உங்கள் 100 டாலருக்கு இதுதான் முக்கியம். பகல் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதரைக்கு உட்காருவேன். வரிசையில் 30, 40 பாட்டு காத்திருக்கும். ஒன்றுக்கு அரை டாலர் அளவில் வரும். முதல் பத்துப் பாட்டை நல்ல மனசோடு முழுதாகக் கேட்பேன். இருபதைத் தாண்டியதும் கண் தானாக நொடிக்கணக்குப் பக்கம் போகும். 20 நொடி ஆனதும் நடுவுக்குத் தாவிப் பல்லவியைத் தொட்டுப் பார்ப்பேன், ஒட்டவில்லை என்றால் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்தது. இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அலுப்புதான். ஆனால் உங்கள் பாட்டு அந்த வரிசையில் மூன்றாவதா முப்பத்து மூன்றாவதா என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

நான் தள்ளியவற்றில் பாதிக்கு மேல் மோசமான பாட்டுகளே இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிய பாட்டுகள். இரவில் கேட்க மெதுவான கிதார் பாட்டுகள் என்று தலைப்பிலேயே போட்டிருப்பேன், மெட்டல் வரும். ஒரு தடவை குழந்தைகளுக்கான எண்ணுப் பாட்டு வந்தது, உண்மையில் நன்றாகவே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பேன்? அனுப்பியவர் என் பிளேலிஸ்ட்டில் ஒரு பாட்டைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். பட்டியலில் ஐம்பது பெயரைத் தட்டிவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்தியிருப்பார். இந்தத் தளங்களில் கரியாகும் காசில் பெரும்பகுதி இப்படித்தான் ஆகிறது என்பது என் கணிப்பு. நிரூபிக்க என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது, என் வரிசையில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று முன்னிசை. மழைச் சத்தம், தூரத்தில் ரயில், 40 நொடி கழித்துத்தான் முதல் ஸ்வரம். ஆல்பத்தில் அழகாக இருக்கும், இங்கே அந்த 20 நொடியும் மழையிலேயே போய்விடும். அதற்காகப் பாட்டை வெட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். அனுப்புவதற்கென்று முன்னிசை குறைந்த ஒரு எடிட்டையும் வெளியிடலாம், இல்லை கையிலிருப்பதில் சீக்கிரம் வாயைத் திறக்கும் பாட்டை இந்த வழிக்கு ஒதுக்கலாம்.

அப்புறம் அவர்கள் எழுதித் தரும் கருத்து. பலர் சேர்ப்பதைவிட இதற்காகவே காசு கொடுப்பதாகச் சொல்கிறார்கள். ஜாக்கிரதை. இத்தனை சொல்லாவது எழுத வேண்டும் என்று தளம் கட்டாயப்படுத்தும்போது, 'ஏனோ பிடிக்கவில்லை' என்ற உண்மையான காரணத்தை யாரும் எழுதுவதில்லை. தள்ளுவது என்று முடிவு செய்தபின் காரணத்தைத் தேடுகிறோம். என் கைவசம் இருந்த வாக்கியம் 'குரல் கொஞ்சம் பின்னால் இருக்கிறது'. அப்படி நான் எழுதிய பாட்டுகள் சிலவற்றில் குரல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மிக்ஸிங் செய்து பிழைக்கிறவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே ஒருவர் மட்டும் சொன்ன குறையை விட்டுவிடுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் பாட்டின் ஒரே இடத்தைத் தொட்டுப் பேசினால் ப்ராஜெக்டைத் திறந்து அந்த இடத்தைக் கேளுங்கள். என் பாட்டு ஒன்றில் நான்கு பேர் நான்கு காரணம் சொன்னார்கள், நான்கும் இரண்டாவது சரணத்தைப் பற்றியே. போய்க் கேட்டால் டிரம்ஸ் அங்கே அரை இழை தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட டிரம்ஸ் என்று சொல்லவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். தளங்களில் ஒவ்வொரு கியூரேட்டர் (பாட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்) பெயருக்கும் பக்கத்தில் அவர் நூற்றுக்கு எத்தனை பாட்டை ஏற்கிறார் என்பது பெரும்பாலும் தெரியும். பத்துக்கு ஒன்றை ஏற்பவர்களாகப் பார்த்து 10 பேருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவராவது ஏற்பார் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.35. அதாவது பத்துப் பேரும் கைவிரிக்க மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. 20 பேர் என்றாலும் அந்த வாய்ப்பு 12 சதவீதம் மிச்சம் இருக்கும். முதல் பத்து நிராகரிப்பிலேயே பாட்டு சரியில்லை என்று முடிவு கட்டி, அடுத்த பாட்டையே எழுதாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். கணக்குப்படி அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

வரவைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீமுக்கு, அதாவது பாட்டை ஒருவர் ஒரு தடவை கேட்பதற்கு, இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. மாத வருமானத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். நடைமுறையில் 1,000 ஸ்ட்ரீமுக்கு 3, 4 டாலர் என்ற அளவில் வந்து நிற்கும். உங்கள் 100 டாலரைத் திரும்ப எடுக்கவே 25,000 முதல் 33,000 ஸ்ட்ரீம் வேண்டும். 2024 முதல் கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டி சேர்வதும் நின்றுவிட்டது. ஆக, போட்ட காசு ஸ்ட்ரீம் வழியாகத் திரும்பும் என்ற எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம். இதைக் கோபமில்லாமல் ஏற்க முடிந்தால்தான் மேலே பேசலாம்.

பிறகு எதற்காகத்தான் செய்வது? தங்கிவிடுகிற கேட்பவர்களுக்காக. இங்கேதான் உறுதியானது முடிந்து சந்தேகத்துக்குரியது தொடங்குகிறது. ஒரு நல்ல பிளேலிஸ்ட்டில் பாட்டு ஏறினால் அல்காரிதம் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்று தளங்களின் விளம்பரங்களும் யூடியூப் ஆலோசகர்களும் சொல்கிறார்கள். 2015இல் வந்த ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லி போன்ற தானியங்கிப் பட்டியல்கள், எந்தப் பாட்டை யார் எதோடு சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கின்றன, இது தெரிந்த விஷயம். எதற்கு எவ்வளவு எடை என்பதை நிறுவனம் வெளியிட்டதில்லை. ஆகவே 'இத்தனை சேவ் (கேட்பவர் பாட்டைத் தன் தொகுப்பில் சேமிப்பது) வந்தால் அல்காரிதம் திறக்கும்' என்று துல்லியமாக எண் சொல்கிறவர் ஊகிக்கிறார். என் ஊகத்தையும் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: பொருந்தாத பிளேலிஸ்ட்டில் ஏறுவது ஏறாமல் இருப்பதைவிடக் கெடுதல். உங்கள் பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று இயந்திரம் தப்பாகக் கற்றுக்கொள்ளும்.

என் அனுபவம் ஒன்று இந்த ஊகத்துக்கு ஒத்துப்போகிறது. ஒரு பாட்டை 22 பேருக்கு அனுப்பினேன், 3 பேர் ஏற்றார்கள். அதில் ஒரு பிளேலிஸ்ட்டுக்குப் பல ஆயிரம் ஃபாலோயர்கள், வேலை செய்யும்போது பின்னணியில் ஓடுவதற்கானது. அதிலிருந்து சுமார் 4,000 ஸ்ட்ரீம் வந்தது, சேவ் விரல்விட்டு எண்ணுமளவு. இன்னொன்றுக்கு 800 ஃபாலோயர்தான். யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக யோசித்து வைத்த பட்டியல். அங்கிருந்து வந்தது 200 ஸ்ட்ரீமுக்கும் குறைவு, ஆனால் அப்படி வந்தவர்களில் சிலர் என் பழைய பாட்டுகளைத் தேடிப்போய்க் கேட்டார்கள், இரண்டு பேர் எழுதினார்கள். ஒரு பாட்டின் கதையை வைத்து விதி எழுத முடியாது, ஆனால் அதன் பிறகு நான் ஃபாலோயர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது உண்மையான மோசடி. '10,000 ஸ்ட்ரீம் உத்தரவாதம்', 'நிச்சயம் பிளேலிஸ்ட்டில் இடம்' என்று எவராவது விலை சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். மனிதர்கள் கேட்பதை யாராலும் உத்தரவாதம் செய்ய முடியாது. உத்தரவாதம் தரக்கூடியது பாட் மட்டும்தான், அதாவது கேட்பதுபோல் நடிக்கும் நிரல். நான் மிக்ஸ் செய்துகொடுத்த ஒரு பாடகி இப்படி ஓர் இடத்தில் காசு கட்டினார். ஒரு வாரம் எண்கள் ஏறின, அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) செயற்கை ஸ்ட்ரீம் என்று கடிதம் வந்தது, பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்கப்பட்டது. காசு வாங்கியவர் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. 2024 முதல் அப்பட்டமான செயற்கை ஸ்ட்ரீம் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டரிடமே பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் வசூலிக்கிறது, அதை அவர்கள் உங்கள் தலையில் கட்டுவார்கள். 'எனக்குத் தெரியாது, நான் விளம்பரத்துக்குத்தான் காசு கட்டினேன்' என்பது அங்கே எடுபடாது.

ஒழுங்கான தளத்துக்குள்ளும் அழுகிய பிளேலிஸ்ட் நுழைந்துவிடும், அதனால் அனுப்பும் முன் நீங்களே பார்த்துவிடுவது நல்லது. பிளேலிஸ்ட்டைத் திறந்து ஐந்தாறு பாட்டைக் கேளுங்கள். பட்டியலின் பெயர் ஒன்று சொல்ல, உள்ளே அதற்கு ஒட்டும் உறவும் இல்லாத பாட்டுகள் என்றால் சந்தேகப்படுங்கள். ஃபாலோயர் வரைபடம் மெதுவாக ஏறாமல் ஒரே நாளில் செங்குத்தாக எழும்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். பாட்டு ஏறிய பிறகு, கலைஞர்களுக்கென்று ஸ்பாட்டிஃபை தரும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் ஸ்ட்ரீம் எந்தப் பிளேலிஸ்ட்டிலிருந்து, எந்த ஊர்களிலிருந்து வருகிறது என்று தெரியும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரே ஊரிலிருந்து நூற்றுக்கணக்கில் ஸ்ட்ரீம், சேவ் பூஜ்யம் என்று இருந்தால் அன்றே அந்தப் பிளேலிஸ்ட்டைப் பற்றிப் புகார் செய்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எழுதிவையுங்கள். கடிதம் அவர்களிடமிருந்து வருமுன் உங்களிடமிருந்து போயிருப்பது உங்களுக்குச் சாதகம்.

சினிமா, விளம்பரங்களுக்குப் பாட்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் கட்டண வழிகளும் உண்டு. அமெரிக்காவில் டாக்ஸி என்ற நிறுவனம் 1992 முதல் ஆண்டுச் சந்தா வாங்கி இதைச் செய்கிறது. போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குபவர்களும் ஏராளம். அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை, அதனால் ஒன்றே ஒன்று: விதிமுறைகளில் உரிமை பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். கேட்பதற்கோ போட்டியில் நுழைவதற்கோ காசும் வாங்கி, பாட்டின் உரிமையிலும் பங்கு கேட்டால் விலகிவிடுங்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் 'உங்கள் கவிதையை அனுப்புங்கள், பாட்டாக்கித் தருகிறோம்' என்று விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. எழுதிப்போட்டவர்களிடம் கட்டணம் வாங்கி, கூலிப் பாடகர்களை வைத்து ஒரே நாளில் டஜன் கணக்கில் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். கடிதம் இணையமாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

உங்கள் 100 டாலரை நானாக இருந்தால் எப்படிச் செலவழிப்பேன்? முதலில் 30 டாலர் மட்டும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, உங்கள் பாட்டை அப்படியே நடுவில் செருகினால் கேட்பவர் திடுக்கிடாத பிளேலிஸ்ட்டுகளாகப் பத்துப் பன்னிரண்டைத் தேடுவேன். தேடும்போது கிடைக்கும் மின்னஞ்சல் முகவரிகளுக்குக் காசில்லாமல் நேரடியாகவும் எழுதுவேன், அதில் பதில் வராத கடிதமே அதிகம் என்றாலும். குறிப்பு இரண்டு வரி போதும்: எந்த வகைப் பாட்டு, அவருடைய பட்டியலில் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரும். வாழ்க்கை வரலாறு வேண்டாம். நான் அவற்றைப் படித்ததே இல்லை. வலைப்பதிவர்கள் வெளியீட்டுக்கு முன்பே கேட்க விரும்புவார்கள், பிளேலிஸ்ட்காரர்களுக்குப் பெரும்பாலும் வெளியான பாட்டின் இணைப்பு வேண்டும், அதனால் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். வரும் பதில்களையும், ஏற்றவர்களிடமிருந்து ஒரு மாதத்தில் வரும் சேவ் எண்ணிக்கையையும் பாருங்கள். 100 பேர் கேட்டதில் ஐந்தாறு பேராவது சேவ் செய்திருந்தால் மீதி 70ஐயும் அதே மாதிரி இடங்களில் போடுவேன். ஒருவரும் செய்யவில்லை என்றால் அந்த 70ஐ அடுத்த பாட்டின் மாஸ்டரிங்குக்கு (வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாக மெருகேற்றும் வேலை) எடுத்துவைப்பேன். ஐந்தாறு என்பது என் கைப்பழக்க அளவுகோல், யாரும் எழுதிவைத்த விதியில்லை.

இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று இருக்கிறது, நீங்கள் சொன்ன 12 நாளைப் பார்த்ததும் இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்பும் வசதி ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் 2018 முதல் இருக்கிறது, காசே கிடையாது. வெளிவராத பாட்டுக்கு மட்டும்தான் செல்லும், ஒரு நேரத்தில் ஒரு பாட்டு. வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னதாக அனுப்பினால், குழு தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில், அதாவது அவர்களுக்கான புதுப் பாட்டுப் பட்டியலில், அந்தப் பாட்டு வந்துவிடும். இதற்குப் பாட்டு ஏற்கெனவே டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதற்கே சில நாள் பிடிக்கலாம். இன்னும் ஏற்றவில்லை என்றால் இன்றிரவே ஏற்றுங்கள். ஐந்து நாளில் உங்கள் கணக்கில் தென்படவில்லை என்றால் வெளியீட்டுத் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்கத் தயங்காதீர்கள்.